உழவாரத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒன்றரை வருடமாக நாங்கள் கோயில்களைச் சுத்தம் செய்யும் ஓர் உழவாரப்பணிக் குழுவோடு மாதம் ஒரு ஞாயிறு கிளம்பிப் போகிறோம். வேனில் இருபது பேர் வரை இருப்போம். பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்த பழைய சிவன் கோயில்கள்தான். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்குள் முடித்துவிடுவோம். அப்புறம் ஆற்றங்கரையிலோ தோப்பிலோ உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டு, பக்கத்தில் பார்க்க ஏதாவது இருந்தால் பார்த்துவிட்டு வீடு திரும்புவோம்.

எனக்கு இரண்டு குழப்பங்கள். முதலாவது, அந்த நாளில் எனக்கு அதிகம் பிடித்தது எது என்று யோசித்தால் வேனில் பாடிக்கொண்டு போவதும், ஆற்றில் கால் நனைப்பதும், எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவதும்தான் முன்னால் வருகின்றன. சாமிக்குச் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டு இப்படி உல்லாசமாக இருப்பது தவறோ என்று உறுத்துகிறது. இரண்டாவது, வீட்டில் சண்டை. "மாசத்துல நாலு ஞாயிறு, அதுல ஒண்ணு பெருக்கறதுக்கா?" என்கிறார் கணவர். எட்டு வயது மகன் குதித்துக்கொண்டு வருகிறான். பதினான்கு வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாள். முட்டிவலிக்கார மாமியாரும் வர ஆசைப்படுகிறார், அழைத்துப் போனால் எல்லோருக்கும் சிரமமாகிவிடுமோ என்று தயங்குகிறேன். நான் என் ஆசையைக் குடும்பத்தின் மேல் திணிக்கிறேனா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அப்பா நினைவுக்கு வந்தார். முதலில் அவரைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா அதிகம் பேசாதவர். அலுவலகம் விட்டு வந்தால் ஈஸிசேர், செய்தித்தாள், எட்டரைக்குச் சாப்பாடு. அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய மதிப்பெண் அட்டையை அம்மா மூலம்தான் அனுப்புவோம். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, குடமுழுக்குக்கு முன்னால் ஊர்க்கோயிலைச் சுத்தம் செய்யக் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது விளக்கு மாடங்கள். வருடக்கணக்கில் வழிந்த எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி, கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். உடைந்த கொட்டாங்கச்சி ஒன்றை எடுத்து ஓரத்திலிருந்து மெதுவாகச் சுரண்ட ஆரம்பித்தார். பிசுக்கு சுருள் சுருளாக வந்து விழுந்தது. நான் வெந்நீரும் சீயக்காய்த்தூளும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடத்துக்கு வந்தபோது ஏதோ சத்தம் கேட்டது. அப்பா பாடிக்கொண்டிருந்தார்! மெல்லிய குரல், சுருதி விலகாத குரல். அதற்கு முன் அவர் பாடி நான் கேட்டதே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார், நிறுத்தவில்லை. "தண்ணி ஊத்துடா" என்று கையால் காட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

அன்று கோயில் சுத்தமானது. சாமி பார்த்தோம், பொங்கல் சாப்பிட்டோம். ஆனால் எனக்குக் கிடைத்தது அப்பா. அதை உல்லாசம் என்று ஒதுக்கவும் முடியவில்லை, பக்தி என்று தனியாகப் பிரித்தெடுக்கவும் முடியவில்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: உறுத்தலே வேண்டாம். ஆற்றில் கால் நனைக்கும்போது வருகிற சந்தோஷம், காலையில் பிரகாரத்தில் சேர்ந்து குனிந்த முதுகுகளிலிருந்து வருவது. நேராக ஆற்றுக்குப் போயிருந்தால் அந்தப் புளியோதரை அவ்வளவு ருசித்திருக்காது, இல்லையா?

அப்புறம், உழவாரம் என்பதே நம்மிடம் ஒரு குடும்பக் கதையாகத்தான் வந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பரை, புல் செதுக்கும் கருவியான உழவாரத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். ஆனால் அவருக்கு முன்பே துடைப்பத்தைக் கையில் எடுத்தவர் அவருடைய அக்கா திலகவதியார். சூலை நோய் என்ற கடும் வயிற்றுவலி தாங்காமல் தம்பி திருவதிகைக்கு அக்காவைத் தேடி வருகிறார். அக்கா திருநீறு கொடுக்கிறார், விடியும் முன்னே அவரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறார். கிளம்பும்போது அவர் எடுத்துக்கொண்டது திருவலகு, திருமெழுக்கு, தோண்டி என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதுகிறார். துடைப்பம், மெழுகச் சாணம், தண்ணீர்க் குடம். தன் அன்றாட வேலைக்குப் புறப்பட்ட அக்காவின் பின்னால் நடந்து போன தம்பிதான் அப்பர். "வா, வந்து பக்தனாக மாறு" என்று அக்கா யாரையும் இழுக்கவில்லை. தான் போகிற வழியில் கூட்டிக்கொண்டு போனார்.

இதை உங்கள் மகளை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். இன்னொரு கதையும் அவளுக்காகவே.

ராமானுஜர் கேட்டுக்கொண்டபடி திருமலைக்குப் போய்ப் பூந்தோட்டம் போட்டவர் அனந்தாழ்வான். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும், குளம் வெட்டுகிறார். அவர் மண்ணை வெட்டிக் கொடுக்க, கர்ப்பிணி மனைவி கூடையில் சுமந்துபோய்க் கொட்டுகிறார். அந்தப் பெண் மூச்சு வாங்குவதைப் பார்த்து ஒரு சிறுவன் உதவிக்கு வருகிறான். அனந்தாழ்வானுக்குப் பிடிக்கவில்லை. இது எங்கள் கைங்கர்யம், யாரும் கை வைக்கக் கூடாது என்று விரட்டுகிறார். சிறுவன் அவருக்குத் தெரியாமல் பாதி வழியில் கூடையை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டுகிறான். மனைவி சீக்கிரம் சீக்கிரம் திரும்பி வருவதைக் கவனித்து விஷயத்தைக் கண்டுபிடித்தவர், கையிலிருந்த கடப்பாரையைச் சிறுவன் மேல் வீசிவிடுகிறார். மோவாயில் அடிபடுகிறது. அப்புறம் சந்நிதிக்குப் போய்ப் பார்த்தால் பெருமாளின் மோவாயில் ரத்தம். பதறிப்போய்ப் பச்சைக் கற்பூரத்தை வைத்து அழுத்துகிறார். இன்றும் திருமலையில் கோயிலின் முதன்மை வாயிலான மகாத்துவாரத்தில் அந்தக் கடப்பாரை தொங்குகிறது. பெருமாளின் மோவாயில் பச்சைக் கற்பூரம் வைப்பதற்கும் இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையை அவருடைய வைராக்கியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கர்ப்பிணிதான் கண்ணில் நிற்கிறார். அவருக்கு முடிகிறதா, உட்கார வேண்டுமா என்று அன்று கேட்டது அந்தச் சிறுவன் ஒருவன்தான். சேவையில் ஊறிப் போனவர்களுக்கு வருகிற வியாதி இது. வேலையைப் பார்த்து, கூட வேலை செய்கிறவரைப் பார்க்காமல் விடுவது. குழுக்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். "என்ன, ஃபோனை நோண்டிக்கிட்டு நிக்கிறே, குப்பையை எடு" என்று ஒரு பெரியவர் அதட்டினால் போதும், அந்தக் குழந்தை அடுத்த மாதம் வராது. அதுவும் ஒரு கடப்பாரைதான்.

மகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு உழவாரத்துக்கு என்றால் இன்னொரு ஞாயிறு அவள் சொல்கிற இடத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவோ கடற்கரையோ, அவள் கூப்பிடும் இடத்துக்கு நீங்கள் முகம் சுளிக்காமல் போக வேண்டும். அங்கே போய், "அந்தக் கோயில்ல எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு" என்று ஆரம்பிக்கக் கூடாது. உழவாரத்துக்கு அவள் வருகிற நாளில், பெரியவர்களுக்கே பொறுப்பான ஒரு வேலையை அவளிடம் கொடுங்கள். பதினான்கு வயதுப் பெண்ணை வாழையிலை பொறுக்கச் சொன்னால் முகம் தூக்கத்தான் செய்வாள். கோமுகி வழியாகத் தண்ணீர் தடையில்லாமல் வெளியேறுகிறதா என்று பார்த்துச் சரிசெய்வது, எந்தச் சுவரில் எழுத்து இருக்கிறது என்று வேலைக்கு முன்னால் சுற்றி வந்து குறித்துவைப்பது, இப்படி ஏதாவது.

எழுத்து என்றதும் என் மனத்தில் இருக்கும் ஒரு குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் நானிருந்த குழு ஒரு சிறிய கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளக் கல்வரிசையில், படிந்த சுண்ணாம்பைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தது. நானும் தேய்த்தேன். கல் வெளியே தெரிய வர வர எங்களுக்கு ஒரே உற்சாகம். தரிசனத்துக்கு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "ஐயோ, அது எழுத்துங்க." குனிந்து பார்த்தேன். சுண்ணாம்புக்கு அடியில் கல்வெட்டு வரி ஓடிக்கொண்டிருந்தது. நான் தேய்த்த இடத்தில் இரண்டு எழுத்துகள் மழுங்கியிருந்தன. அவர் திட்டவில்லை. விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார். எத்தனையோ நூற்றாண்டு மழை வெயிலுக்குத் தப்பி நின்றதை அரை மணி நேர உற்சாகத்தில் அழித்திருந்தேன்.

ஆகவே, கம்பி பிரஷ், ஆசிட், மணல் பீய்ச்சுதல் எதுவும் கல்லின் பக்கமே வரக் கூடாது. மணல் பீய்ச்சினால் சிற்பத்தின் கண்ணும் விரலும் மழுங்கிவிடும். கோபுரத்தில் முளைத்த ஆலங்கன்றையோ அரசங்கன்றையோ எட்டி வெட்டிவிடுவதும் பயனில்லாத வேலை. வேர் உள்ளே இருக்கும்வரை மறுபடி தழைக்கும், கல்லைப் பிளக்கும். பழக்கமுள்ளவர்களிடம் விட வேண்டும். எந்தக் கோயிலானாலும் அலுவலரிடமும் குருக்களிடமும் அனுமதி பெற்ற பிறகே போங்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் கோயில் என்றால் அவர்கள் சொன்னதைத் தவிர எதையும் தொடாதீர்கள்.

சின்னவனுக்கு வேலைக்கா பஞ்சம்? பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கட்டும். கறுத்த உலோகம் கைக்குக் கீழே மஞ்சளாக மாறுவதைப் பார்க்கும் குழந்தைக்கு வேறு வேடிக்கை எதுவும் தேவைப்படாது. கற்பூர உறை, தீப்பெட்டி, பிளாஸ்டிக் பூவெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டட்டும். புல் மண்டிய இடத்துக்கு மட்டும் அவனை முதலில் அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் கம்பால் தட்டிக்கொண்டு முன்னால் போக வேண்டும், தேளும் பாம்பும் இருக்கும் இடம். பத்து மணிக்கு மேல் பிரகாரக் கல் காலைச் சுட்டுவிடும். அதனால் வெளிவேலையை முதலில் முடித்து, வெயில் ஏறியதும் மண்டபத்துக்குள் வந்துவிடுங்கள்.

மாமியாரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். கண் தெரியாத தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தூர்வாரினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, இரண்டுக்கும் நடுவே கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண் எடுத்து, கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி" என்று திருவாரூரைப் பற்றிச் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு பெரிய கமலாலயக் கரையில் ஒரு முறை நின்று பார்த்தால் அந்தக் கயிற்றின் அருமை புரியும். உங்கள் மாமியாருக்கு வேண்டியதும் அப்படி ஒரு கயிறுதான். தூணோரம் நிழலில் ஒரு நாற்காலி, மடியில் பூ, பக்கத்தில் நார். இல்லையென்றால் திரி திரிக்கட்டும். எங்கள் குழுவில் ஒரு பாட்டி அப்படி உட்கார்ந்துகொண்டு யார் எப்போது தண்ணீர் குடித்தார்கள் என்று கணக்கு வைத்திருப்பார். குடிக்காதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் இல்லாத மாதம் எல்லோருக்கும் தலைவலி.

கணவரைப் பற்றி எனக்கு உங்களளவு கவலை இல்லை. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஓய்வு நாளில் ஓய்வு வேண்டும் என்கிறார். துடைப்பத்தை நீட்டாமல், "சும்மா கூட வாங்க, மத்தியானம் ஆத்துல குளிக்கலாம்" என்று மட்டும் கூப்பிட்டுப் பாருங்கள். எங்களோடு ஒருவர் மனைவிக்காக வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். கோயிலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூன்றாவது மாதம் போன கோயிலில் கிணற்றுச் சகடை துருப்பிடித்து, ஒவ்வொரு வாளிக்கும் கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. தூக்கம் கெட்டு எழுந்து வந்தார். சகடையைக் கழற்றினார், துருவைத் தேய்த்தார், வண்டியிலிருந்த கிரீஸைப் போட்டு மாட்டினார். அப்புறம் இரண்டு முறை வாளியை இறக்கி ஏற்றிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். அவர் மனைவி கையில் துடைப்பத்தோடு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை. இப்போதெல்லாம் அவர் ஒரு கருவிப்பெட்டியோடு வருகிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது, கோயிலில் சைவ நால்வரின் சிலை வரிசை இருந்தால் உங்கள் மகனை அங்கே நிறுத்தி, நான்கு பேரில் யார் கையில் வேலை செய்யும் கருவி இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தோளில் சாய்ந்த அந்தக் கம்பையும் அதன் முனையில் தகட்டையும் அவனே காட்டுவான். "இதை வெச்சு என்ன பண்ணாரு?" என்று கேட்பான். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அக்காவைச் சொல்லச் சொல்லுங்கள்.