அந்தமானில் சும்மா இருக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஓய்வெடுக்கப் போகிறவர்களின் கேள்விகள் மட்டும் இங்கே. பெயர்க் குழப்பம் முதலில் தீரட்டும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷாஹீத் தீவாகவும் மாறின. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கலாம், ஆட்டோக்காரரிடம் பழைய பெயரே செல்லும். நானும் பழசையே எழுதுகிறேன்.

1. மதுரை: ஓய்வெடுக்கத்தான் போகிறோம். 5 இரவு. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங், டிக்லிப்பூர், ராஸ் எல்லாம் அடங்குகிற மாதிரி ஒரு திட்டம் சொல்லுங்கள்.

ஓய்வு என்று எழுதிய கையோடு ஆறு ஊர் எழுதியிருக்கிறீர்கள். டிக்லிப்பூர் போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே சுமார் 300 கி.மீ. அதை அடியுங்கள். பாராடாங்குக்கு விடியுமுன் எழுந்து, ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே வண்டிகளைக் கூட்டமாக அனுப்பும் கான்வாய்க்குக் காத்திருக்க வேண்டும். அதையும் அடியுங்கள்.

தீவு மாறுகிற ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். அறையைக் காலி செய்து, ஒரு மணி நேரம் முன்னதாக ஜெட்டிக்குப் போய், பெட்டியைக் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் கடலில் போய், இறங்கிப் பெட்டியைத் தேடி, ஆட்டோ பிடித்து, அடுத்த அறை தயாராகும் வரை வரவேற்பறையில் உட்கார வேண்டும். 5 இரவுக்கு இப்படிப் பிரியுங்கள்: காலை விமானத்தில் இறங்கி, மதியப் படகில் நேராக ஹேவ்லாக், அங்கே 3 இரவு. நீலில் 1. கடைசி இரவு போர்ட் பிளேர். ராஸ் தீவையும் செல்லுலார் சிறையையும் அந்தக் கடைசி நாளில் பார்க்கலாம். ராஸுக்குப் புதன் விடுமுறை.

கடைசி இரவு போர்ட் பிளேர் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். காரணம் கீழே வரும், வராமல் இருக்காது.

2. ஈரோடு: எந்த மாதம் நல்லது?

கடல் அடங்கிக் கிடப்பது பிப்ரவரி, மார்ச். டிசம்பர், ஜனவரியில் வெயில் இதம், ஆனால் கூட்டமும் வாடகையும் ஏறும். மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் அந்தமான் கடலில் புயல் சின்னம் உருவாகும் காலம். அப்போது போனால் கையில் ஒன்றிரண்டு நாள் உபரி வேண்டும்.

3. திருச்சி: ஹேவ்லாக்கில் கடற்கரையை ஒட்டியே அறை எடுத்தும், குளிக்கத் தண்ணீரே இல்லை, வெறும் கல்தான் என்று நண்பர் சொல்கிறார். ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. அறை எடுத்தவர் வற்றம், அதாவது கடல் உள்வாங்கும் நேரம், பார்க்கவில்லை. 3ஆம், 5ஆம் எண் கடற்கரைகள் தீவின் கிழக்குப் பக்கம். அங்கே கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லாத பாறைத் தளம். கடல் ஏறும் நேரமான ஏற்றத்தில் பச்சைத் தண்ணீர் தென்னை மரத்தடி வரை வந்து நிற்கும். விடுதியின் புகைப்படம் அந்த நேரத்தில் எடுத்தது. வற்றத்தில் பாசி பிடித்த கல், இடையிடையே கணுக்காலளவு நீர், அவ்வளவுதான். வெறுங்காலோடு நடந்தால் பவளக்கல் கிழிக்கும், அந்தக் காயம் லேசில் ஆறாது. ரப்பர் செருப்பு போதாது, கழன்றுவிடும். பின்பட்டை உள்ளதைப் போடுங்கள்.

கணக்கு எளிது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 10 மணிக்கு வற்றம் என்றால், நாளை 10.50, மூன்றாம் நாள் 11.40. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் உள்வாங்கும், அதிகம் ஏறும். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே குறைவு. டிக்கெட் போடும்போது வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரையும் ஒரு பார்வை பாருங்கள்.

வற்றம் எல்லா இடத்திலும் கெடுதல் இல்லை. நீலில் லக்ஷ்மண்பூர் 2 கடற்கரையில் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்கு வற்றத்தில்தான் போக முடியும். அமாவாசையோ பௌர்ணமியோ அருகில் இருந்தால் மேலும் நல்லது. அடிமட்ட வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் குட்டி மீன், நண்டு, கடலட்டை எல்லாம் தெரியும். கடலட்டையைக் கையில் எடுக்கச் சொல்லும் வழிகாட்டியிடம் மாட்டேன் என்று சொல்லுங்கள், அது சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர்.

குளிக்க மட்டும் என்றால் மேற்கே ராதாநகர், 7ஆம் எண். மணல் தரை, வற்றத்திலும் தண்ணீர் உண்டு. கொடியும் காவலரும் இருக்கும் பகுதியை விட்டு ஓரத்துக்குப் போகாதீர்கள். அங்குள்ள நீல்ஸ் கோவ் பக்கம் 2010-இல் முதலை தாக்கி ஒரு பயணி இறந்தார். முதலை எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

4. சேலம்: கடைசி இரவு போர்ட் பிளேரில் தங்குவது வீண் செலவு. ஹேவ்லாக்கில் காலைப் படகு பிடித்தால் 9 மணிக்குள் போர்ட் பிளேர். விமானம் மதியம் 1 மணிக்கு. நான்கு மணி நேரம் இருக்கிறதே! பலபேர் இப்படித்தான் வருகிறார்கள்.

வந்து சேர்ந்தவர்கள்தான் உங்களிடம் சொல்வார்கள். படகு ஓடினால் உங்கள் கணக்கு சரி. படகு தாமதமாவது பிரச்சினையே இல்லை, ஓடாமல் போவதுதான் பிரச்சினை. காற்று வலுத்தால் துறைமுகத்தில் படகை விட மாட்டார்கள். அன்றைய எல்லாப் படகுகளின் பயணிகளும் அடுத்து ஓடுகிற படகுக்கு முண்டியடிப்பார்கள். தனியார் படகு ரத்தானால் படகுக் கட்டணம் திரும்பும். விமானக் கட்டணம் திரும்பாது, இரண்டும் தனித்தனி டிக்கெட். அவசரத்தில் எடுக்கும் சென்னை டிக்கெட்டின் விலைக்கு போர்ட் பிளேரில் எத்தனை இரவு தங்கலாம் என்று நீங்களே பாருங்கள்.

5. திருநெல்வேலி: சேலத்துக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. மார்ச்சில் கடல் குளம் மாதிரி இருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள்.

குளம் என்று சொல்லவில்லை, அடங்கிக் கிடக்கும் என்றேன். மார்ச்சில் ஆபத்து குறைவு, ஒத்துக்கொள்கிறேன். மாற்றக்கூடிய விமான டிக்கெட்டும் மறுநாள் விடுப்பும் இருப்பவர் மார்ச்சில் துணியலாம். நவம்பரில் அதே திட்டம் போடுகிறவருக்கு என் பதில் மாறாது.

6. சேலம் (மறுபடியும்): எனக்கு மொத்தமே 4 நாள் விடுப்பு. ஒரு இரவை நகரத்தில் கழித்தால் தீவு எங்கே மிஞ்சும்?

நீலை விடுங்கள். ஹேவ்லாக் 2 இரவு, போர்ட் பிளேர் 1. இரண்டாம் நாள் காலையில் எழுந்ததும் எங்கும் ஓட வேண்டியதில்லை. நீங்கள் கேட்டது இந்த ஓய்வைத்தானே?

7. தென்காசி: நீச்சல் தெரியாது. ஸ்கூபா செய்யலாமா?

செய்யலாம். முதல்முறைக்காரர்களைப் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே இறக்குவார். ஆழம் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. 10 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு இருந்தால் மருத்துவர் சான்று இல்லாமல் இறங்காதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்று வேண்டாம். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால், நீரழுத்தத்தில் அடைத்த காது திறக்க வேண்டும். சளி அடைத்திருந்தால் திறக்காது, வலி தாங்காது. வலித்த பிறகு ஊதுவது தாமதம். ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் ஊதுங்கள்.

ஒரே ஒரு முறை மூழ்கினாலும் 12 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. பல முறை என்றால் 18. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் வேண்டும். அதற்குள் மேலே பறந்தால் குமிழியாகி மூட்டிலோ நரம்பிலோ அடைக்கும். சேலத்துக்காரரே, கடைசி இரவு இதற்கும் உதவும்.

8. கரூர்: அனுமதிச் சீட்டு வேண்டுமா?

இந்தியருக்கு ஹேவ்லாக், நீல் போக வேண்டாம். அசல் அடையாள அட்டை படகிலும் காட்ட வேண்டும்.

9. நாகப்பட்டினம்: சென்னையிலிருந்து கப்பலில் போனால்?

மூன்று நாள் ஆகும், திரும்பவும் மூன்று. கப்பலே பயணம் என்று நினைப்பவருக்கு அருமை. ஒரு வார விடுப்புக்காரருக்கு இல்லை.

10. வேலூர்: படகில் வாந்தி வருமா? அம்மாவும் வருகிறார்.

தனியார் படகு பெரும்பாலும் மூடிய ஏசி அறை, வெளிக்காற்று கிடையாது. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கை கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. வெறும் வயிறும் கூடாது, நெய்த்தோசையும் கூடாது: இரண்டு இட்லி. அவோமின் போடுவதென்றால் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் பயனில்லை. அம்மா வேறு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

11. தஞ்சாவூர்: சூரிய அஸ்தமனம் 6 மணிக்குப் பார்க்கலாம் அல்லவா?

டிசம்பரில் 5 மணிக்கே முடிந்துவிடும். கடிகாரம் நம் கடிகாரம்தான், தீவு சென்னைக்கு 12 பாகைக்கு மேல் கிழக்கே. ராதாநகரில் 4 மணிக்கு இருங்கள். மாலையில் மணலில் நேரடியாகப் படுக்காதீர்கள், மணல் ஈ கடிக்கும். கண்ணுக்கே தெரியாது, அரிப்பு நாள்கணக்கில் நிற்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடிமனாகப் பூசினால் ஒட்டிக்கொண்டு கடிக்க முடியாது.

12. விழுப்புரம்: கரையில் கிடக்கிற செத்த பவளம், ஒரே ஒரு துண்டு?

வேண்டாம். 1972 வன உயிரினச் சட்டம் செத்ததற்கும் பொருந்தும். விமான நிலைய ஸ்கேனரில் தெரியும்.

13. திண்டுக்கல்: ஜாரவா மக்களைப் பார்க்க முடியுமா?

அவர்கள் காட்சிப்பொருள் இல்லை. படம் எடுப்பது குற்றம். அடுத்த கேள்வி.

14. ஓசூர்: வேலையும் செய்யணும். இணையம் வருமா?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது, ஹேவ்லாக்குக்கும் கிளை உண்டு. முன்பைவிட எவ்வளவோ தேவலை. மீட்டிங் இருந்தால் விடுதியில் முதலில் கேளுங்கள். ரொக்கமும் எடுத்துப் போங்கள், நீலில் ஏடிஎம்மை நம்ப முடியாது.

15. கும்பகோணம்: கடைசி நாள் நீலிலிருந்து நேராக விமான நிலையம் போகலாமா?

4, 5, 6 படியுங்கள்.

16. சேலம்: சரி, ஒரு இரவு போட்டுவிட்டேன். அந்த மாலை என்ன செய்வது?

செல்லுலார் சிறை, ஒலி-ஒளிக் காட்சியோடு. உங்கள் கடைசி நாளில் சிறை திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.