‘கொடி சுத்தியிருந்தது’ என்று மட்டும் சொன்னால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம் ஆகிறது. இன்னும் தலை நிற்கவில்லை. கை கால்கள் விறைத்துக்கொள்கின்றன. பிறந்ததும் அவன் அழவில்லை. மூன்று நாள் உடம்பைக் குளிரவைத்து வைத்திருந்தார்கள். “கழுத்துல கொடி ரெண்டு சுத்து சுத்தியிருந்தது, இது யார் கையிலும் இல்ல” என்றார் டாக்டர். ஆனால் அன்று ராத்திரி இரண்டு மணியிலிருந்து என் வயிற்றில் கட்டியிருந்த மெஷின் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. நர்ஸ் வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார். டாக்டர் வந்தது நாலே காலுக்கு. மாசமாக இருக்கும்போது கையைத் தூக்கித் துணி காயப்போட்டதால்தான் கொடி சுற்றியது என்கிறார் மாமியார். வழக்கு போடலாமா என்று கேட்டால், “கோர்ட்டுக்கு அலைஞ்சு என்ன ஆகப்போகுது, விடு” என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

சகோதரி, முதலில் அந்தத் துணிக் கதையை முடித்துவிடுவோம். உங்கள் கைக்கும் கருப்பைக்குள் கிடக்கும் கொடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குழந்தை நீரில் மிதந்தபடி புரள்கிறது, குட்டிக்கரணம் போடுகிறது; கொடி சுமார் 50 செ.மீ. நீளம், சுற்றிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம். பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ கழுத்தில் கொடியோடுதான் வருகிறது. தலை வெளியே வந்ததும் பிரசவம் பார்ப்பவர் ஒரு விரலை நுழைத்து, மாலையைக் கழற்றுவதுபோல அதைக் கழற்றிவிடுவார். பெரும்பாலான அம்மாக்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இதை உங்களைச் சமாதானப்படுத்த மட்டும் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன வாக்கியத்தின் மறுபக்கமும் இதில்தான் இருக்கிறது. இத்தனை குழந்தைகளுக்குக் கொடி சுற்றியும் ஒன்றும் ஆகவில்லை என்றால், “கொடி சுத்தியிருந்தது” என்பதை மட்டும் வைத்து உங்கள் மகனுக்கு என்ன நடந்தது என்று யாராலும் சொல்லிவிட முடியாது.

கொடி கழுத்தை இறுக்கி மூச்சுத் திணறியது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். வயிற்றுக்குள் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் கொடிக்குள் ஓடும் ஒரு சிரை வழியாக வருகிறது; இரண்டு தமனிகள் பழைய ரத்தத்தை நஞ்சுக்கொடிக்குத் திருப்பி எடுத்துப் போகின்றன. இந்த மூன்று குழாய்களையும் நசுங்காமல் காக்க, சுற்றிலும் கூழ் போன்ற ஒரு பொருள் உண்டு. வலி எடுக்கும்போது கருப்பை இறுகி, கொடி அழுந்தினால் ரத்த ஓட்டம் தடைபடும். குழந்தையின் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும். பிடி விட்டதும் மறுபடி ஏறும். உங்கள் வயிற்றில் கட்டியிருந்த சி.டி.ஜி. மெஷின் தாளில் கோடாக வரைந்துகொண்டிருந்தது இதைத்தான்.

சாதாரணமாக அந்தத் துடிப்பு நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை இருக்கும். அவ்வப்போது இறங்கி ஏறுவது பிரசவத்தில் சகஜம்தான், அதற்கெல்லாம் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வலிக்கும் இறக்கம் ஆழமாகிக்கொண்டே போனால், மீண்டு வர நேரம் எடுத்தால், கோட்டின் சிறு நெளிவுகள் மறைந்து தட்டையானால், செய்ய வேண்டியவை இருக்கின்றன. தாயை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வலிக்காக ஏற்றும் டிரிப்ஸை நிறுத்துவது, டாக்டரைக் கூப்பிடுவது, சிசேரியனா என்று முடிவெடுப்பது. சத்தத்தைக் குறைப்பது அந்த வரிசையில் இல்லை. ஆனால் பெல்ட் நழுவினாலும் அந்த மெஷின் கத்தும். நர்ஸ் கோட்டைப் பார்த்துவிட்டுக் குறைத்தாரா, பார்க்காமலே குறைத்தாரா? உங்கள் வழக்கு, அப்படி ஒன்று இருந்தால், இந்தக் கேள்வியில்தான் நிற்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. கொடியால் வரும் உண்மையான அவசரம் வேறு. பனிக்குடம் உடைந்ததும் குழந்தையின் தலைக்கு முன்னால் கொடி நழுவி இறங்கிவிடுவது அது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிலிருந்து ஆறு வரை நடக்கிறது. அப்போது ஒருவர் கையை உள்ளே வைத்துத் தலையைக் கொடியிலிருந்து உயர்த்திப் பிடித்தபடியே தாயை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போவார்கள். தலை இறங்குவதற்கு முன் பனிக்குடத்தைச் செயற்கையாக உடைத்தார்களா என்பது அந்த வழக்குகளில் முதலில் எழும் கேள்வி.

இனி உங்கள் மகன். மூன்று நாள் குளிரவைத்தார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் மிக முக்கியமாகப் பார்ப்பது அந்த வரியைத்தான். பிறந்த 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கும் சிகிச்சை அது. பிறப்பை ஒட்டிய நேரத்தில் மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துபோனது என்று மருத்துவர்கள் கருதினால்தான் கொடுப்பார்கள். அப்படியானால் எதைப் பார்த்து அப்படி முடிவு செய்தார்கள் என்று அன்றே எழுதி வைத்திருக்க வேண்டும். கொடி ரத்தத்தின் அமிலத்தன்மை (பி.எச். 7.0-க்குக் கீழே போயிருந்தால் அது பெரிய விஷயம்), 5-வது, 10-வது நிமிட ஆப்கார் மதிப்பெண்கள் (பிறந்ததும் குழந்தையின் நிலையைப் பார்த்துப் போடுவது), பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. மூளைப் படங்கள். சேதம் மூளையின் நடு ஆழத்தில் இருந்தால் ரத்த ஓட்டம் திடீரென முற்றிலும் அடைபட்டதையும், ஓரப் பகுதிகளில் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் குறைந்ததையும் அது சுட்டும். கூடவே ஒன்று சொல்லிவிடுகிறேன். குளிர் சிகிச்சை கொடுத்தார்கள் என்பது தவறு நடந்ததற்குச் சாட்சி இல்லை.

ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், எதிர்த்தரப்பு அடிப்பது இங்கேதான். கஷ்டமான பிரசவம்தான் குழந்தையின் கை கால் விறைப்புக்குக் காரணம் என்று 1861-ல் வில்லியம் லிட்டில் என்ற ஆங்கிலேய மருத்துவர் சொன்னார். இல்லை, கருவிலேயே ஏதோ கோளாறு இருந்ததால்தான் பிரசவமே கஷ்டமாகியிருக்கலாம் என்று 1897-ல் மறுத்து எழுதினார் ஒருவர். அவர் சிக்மண்ட் ஃபிராய்ட். மனதை ஆராயப் போவதற்கு முன் நரம்பு மருத்துவராக இருந்தவர். அந்தச் சண்டை இன்றும் நீதிமன்றங்களில் நடக்கிறது. பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் இப்படிக் கை கால் இயக்கம் கெடும் நிலை) உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பிரசவ நேரம் காரணம் இல்லை என்பதும் உண்மை. மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

சட்டம் கேட்பது மூன்று. உங்களைக் கவனிக்கும் கடமை அவர்களுக்கு இருந்ததா? பொறுப்பான ஒரு மருத்துவர் செய்வதை அவர்கள் செய்யத் தவறினார்களா? அந்தத் தவறால்தான் இந்தப் பாதிப்பு வந்ததா? முதலாவது தகராறே இல்லை. இரண்டாவதற்கு 1957-ல் இங்கிலாந்தில் வந்த போலம் வழக்கின் அளவுகோலைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாரார் அப்படித்தான் செய்வார்கள் என்று காட்டிவிட்டால் மருத்துவர் தப்பிக்கலாம் என்பது அதன் சாரம். அந்தக் கருத்துக்குத் தர்க்கம் இருக்க வேண்டும் என்று 1997-ல் பொலித்தோ வழக்கு ஒரு கடிவாளம் போட்டது. 2015-ல் வந்த மாண்ட்கோமரி வழக்கு உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது. தாய்க்குச் சர்க்கரை நோய். தலை வெளியே வந்த பிறகு குழந்தையின் தோள் சிக்கி, 12 நிமிடம் கொடி அழுந்திக் கிடந்தது. அப்படி நேரக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்தால் சிசேரியன் கேட்டிருப்பேன் என்றார் தாய். சொல்லியிருக்க வேண்டும் என்றே பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

மூன்றாவதுதான் கரடு. டாக்டர் மூன்று மணிக்கே வந்திருந்தால் மூளை தப்பித்திருக்குமா? இதற்கு வக்கீல் பதில் சொல்ல முடியாது. ஒரு மகப்பேறு மருத்துவரும் ஒரு பச்சிளங்குழந்தை மருத்துவரும் தாள்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதனால் வழக்கா வேண்டாமா என்று இன்று முடிவு செய்யாதீர்கள். தாள்களை வாங்குங்கள், அவ்வளவுதான். உங்கள் கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், மருந்து ஏற்றிய பட்டியல், குழந்தையின் ஐ.சி.யூ. பதிவுகள், எம்.ஆர்.ஐ. படங்கள் (அறிக்கை மட்டும் போதாது), நஞ்சுக்கொடியைப் பரிசோதித்திருந்தால் அந்த முடிவு, எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு, கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சி.டி.ஜி. தாளை முழு நீளத்துக்கும் கேளுங்கள். அது பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள், கடை ரசீது போல வெளுத்துப்போகும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் அதைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தது. பிரித்தபோது பாதிக் கோடு காணவில்லை. கையில் கிடைத்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். தாளின் ஓரத்தில் மெஷினின் நேரம் அச்சாகியிருக்கும். நர்ஸ் எழுதியது சுவர்க் கடிகார நேரம். இரண்டுக்கும் பத்து நிமிட வித்தியாசம் இருந்தால்கூட வழக்கின் முகம் மாறிவிடும்.

கால வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். எங்கே இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். உங்கள் மகனுக்கு 14 மாதம் என்றால் கையில் இருப்பது பத்து மாதம். அங்கே 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். உள்நோயாளி பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் குழந்தைக்கு 21 வயது வரை அவகாசம் உண்டு. தானாக முடிவெடுக்கும் திறன் இல்லாதவர் என்றால் கெடு ஓடவே தொடங்காது. ஜப்பானில் 2009 முதல், யார் தவறு என்று நிரூபிக்காமலே, பிரசவத்தோடு தொடர்புள்ள கடுமையான பெருமூளை வாதத்துக்கு மொத்தம் 3 கோடி யென் தருகிறார்கள். என்ன நடந்தது என்ற ஆய்வறிக்கையும் பெற்றோர் கைக்கு வருகிறது. நியூசிலாந்திலும், அமெரிக்காவின் வர்ஜீனியா, ஃபுளோரிடா மாநிலங்களிலும் இதுபோன்ற ஏற்பாடுகள் உண்டு. எல்லா ஊரிலும் அப்படி இருந்தால் என் போன்றவர்களுக்கு வேலை குறையும், குறையட்டும்.

வக்கீலிடம் போகும்போது, இதற்கு முன் பிரசவ வழக்கு நடத்தியிருக்கிறாரா, எந்த மருத்துவரிடம் கருத்து வாங்குவார், ஜெயிக்காவிட்டால் செலவு யார் தலையில் என்று நேராகக் கேளுங்கள். தாளைப் பார்க்காமலே “நிச்சயம் ஜெயிக்கலாம்” என்பவரிடம் பையைத் திறக்காதீர்கள். மருத்துவமனை சமரசத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், பேசுங்கள். ஆனால் அங்கே வைத்து எதிலும் கையெழுத்து வேண்டாம். கோபத்தில் போலீஸுக்கு ஓடுவதையும் நான் சொல்ல மாட்டேன். குற்ற வழக்குக்குத் தேவைப்படும் அலட்சியத்தின் அளவு மிகப் பெரியது. அதில் தோற்றால் மற்றதற்கும் தெம்பு போய்விடும்.

உங்கள் கணவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ராத்திரி கதவுக்கு வெளியே நின்றவர் அவர். உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பயமாகக்கூட இருக்கலாம். பழிவாங்கும் பேச்சாக இல்லாமல் கணக்காகப் பேசிப் பாருங்கள்: வாரம் எத்தனை பிசியோதெரபி, எத்தனை வயதில் சக்கர நாற்காலி, நமக்கு எழுபது வயதாகும்போது அவனை யார் தூக்குவார்கள். நஷ்ட ஈடு என்பது இந்தக் கணக்குதான். வழக்கு வருஷக்கணக்கில் போகும் என்று அவர் சொல்வது சரிதான். அதனால் தெரபியை மட்டும் எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்று ராத்திரி ஒரு நோட்டு எடுத்து, வலி ஆரம்பித்ததிலிருந்து நினைவில் இருப்பதை எல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். நேரம் மறந்திருந்தால் அவருடைய போனைப் பாருங்கள். அந்த ராத்திரி யாருக்கெல்லாம் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பது அதில் இருக்கும். போனை மாற்றிவிட்டார் என்றால், பழையது எந்த அலமாரியில் கிடக்கிறது என்று கேளுங்கள்.