டார்க் சோல்ஸின் மூன்று பாகங்களில் எதை முதலில் வாங்குவது?

கேள்வி: போன மாதம்தான் ஜிடிஎக்ஸ் 1650 கார்டும் 8 ஜிபி ராமும் உள்ள லேப்டாப் வாங்கினேன். நண்பர்கள் டார்க் சோல்ஸ், டார்க் சோல்ஸ் என்று ஒரு வீடியோ கேமைச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள். கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் தேடினால் மூன்று பாகங்கள் வருகின்றன. அதில் இரண்டாவதே இரண்டு விதமாக இருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கக் கையில் காசு இல்லை. ஒன்றே ஒன்று என்றால் எது?

பதில்: முதல் பாகம். கடையில் அதன் பெயர் டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்ட்.

"மூன்றாவதில் தொடங்கு, அதுதான் பார்க்க அழகு" என்று சொல்ல உங்கள் நண்பர்களிலேயே இரண்டு பேராவது இருப்பார்கள். அழகு என்பது உண்மைதான். ஆனால் மூன்றின் வேகத்துக்கு விரல் பழகிவிட்டால் ஒன்றுக்குத் திரும்பி வருவது, பைக் ஓட்டிப் பழகியவன் சைக்கிளில் மேம்பாலம் ஏறுவது மாதிரி. ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். எதிரியைக் குறிவைத்துப் பூட்டிய நிலையில் உருண்டு தப்புவதற்கு முதல் பாகத்தில் நான்கே திசைகள்தான். முன், பின், இடம், வலம், அவ்வளவுதான். இரண்டிலும் மூன்றிலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உருளலாம். அந்தச் சுதந்திரத்தை அனுபவித்தவனுக்கு இது கட்டிப்போட்டது மாதிரி இருக்கும். அனுபவிக்காதவனுக்கு இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது.

இந்தத் தொடர் ஏன் இவ்வளவு கஷ்டம் என்று பெயர் வாங்கியது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எதிரிகளைக் கொன்று சேர்க்கும் சோல்ஸ்தான் இங்கே பணம், அனுபவம் எல்லாமே. செத்தால் அத்தனையும் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம். போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் சேர்த்ததெல்லாம் போச்சு. பான்ஃபயர் என்ற தீமூட்டத்தருகே உட்கார்ந்து இளைப்பாறினால் உங்கள் உடம்பு தேறும், கூடவே கொன்ற எதிரிகளும் எழுந்துவிடுவார்கள். எளிய நிலை, கடின நிலை என்று தேர்ந்தெடுக்கும் வசதி மூன்றிலும் கிடையாது. இந்த விதிகள் பொது. கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாகத்துக்குப் பாகம் வேறு.

முதல் பாகத்தில் கஷ்டம் வழியில் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு ராட்சதக் காகம் உங்களைத் தூக்கி வந்து ஃபயர்லிங்க் ஷ்ரைன் என்ற இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடும். இங்கே போ, அங்கே போ என்று அம்புக்குறி எதுவும் கிடையாது. பக்கத்திலேயே ஒரு சுடுகாடு இருக்கும், நான் நேரே அங்கே போனேன். எலும்புக்கூடுகள் எழுந்து வந்து அடித்தன. இரண்டு மாலை முழுக்க அங்கேயே செத்தேன், "கஷ்டமான கேம் என்றார்களே, இதுதான் போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு. பிறகுதான் எதிர்ப்பக்கம் மலையோரமாக மேலே ஏறும் படிக்கட்டு கண்ணில் பட்டது. அங்கே நின்றவர்கள் இரண்டு அடியில் விழுகிற ஆட்கள். சுடுகாட்டுக்கு நான் வரவேண்டிய நேரமே அது இல்லை. அதைத்தான் கேம் எனக்கு அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் படிக்கட்டு வழியாகக் கோட்டைச் சுவர், பாலம், தேவாலயம் என்று மணிக்கணக்கில் ஏறிப் போவீர்கள். தேவாலயத்துக்குள் ஒரு லிஃப்ட் இருக்கும். ஏறி நின்றால் கீழே, கீழே, இன்னும் கீழே இறங்கி, நீங்கள் புறப்பட்ட ஃபயர்லிங்க் ஷ்ரைனிலேயே கொண்டுவந்து விடும். இவ்வளவு தூரம் நடந்தது இதற்குப் பக்கத்து வீட்டுக்குத்தானா என்று தோன்றும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் முதல் பாகத்தைச் சிபாரிசு செய்கிறேன். பான்ஃபயரிலிருந்து பான்ஃபயருக்குத் தாவும் வசதி பாதிக் கேம் தாண்டித்தான் கிடைக்கும். அதுவரை எல்லாம் கால்நடைதான். அதனால்தான் அந்த லிஃப்ட்டுக்கு அவ்வளவு மதிப்பு. மற்ற இரண்டிலும் ஏறக்குறைய தொடக்கத்திலிருந்தே தாவலாம்.

குறை இல்லாமல் இல்லை. கடைசிக் கால்வாசி அவசரத்தில் முடித்தது போலத் தெரியும். லாஸ்ட் இசாலித் என்ற பகுதியைப் புகழ்ந்து பேசுகிற ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. ரீமாஸ்டர்ட் என்ற பெயரைப் பார்த்துப் புதிய படம் போல இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். 2011-இல் வந்த கேமை 2018-இல் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும்படி துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள், ஆர்டோரியாஸ் துணைக்கதையும் (கேமுக்குப் பின்னால் வெளியிட்ட கூடுதல் பகுதி, டிஎல்சி) அதிலேயே சேர்த்தி. உங்கள் லேப்டாப்புக்கு இது தூசு. மூன்றாவதும் ஓடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கேமைத் திறக்கும் எண்ணை (கீ) விற்கும் தளங்களில் பிரிப்பேர் டு டை எடிஷன் என்று ஒன்று சல்லிசாகக் கிடைக்கலாம். அது 2012-இல் வந்த பழைய கணினிப் பதிப்பு. பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே தெரிந்ததால் 2022 ஜனவரியில் கணினிப் பதிப்புகள் எல்லாவற்றின் ஆன்லைன் சர்வர்களையும் நிறுத்தினார்கள். மற்றவற்றுக்கு அந்த வருடமே திரும்பி வந்தது, இதற்கு மட்டும் வரவே இல்லை. வாங்காதீர்கள்.

கேள்வி: இரண்டாம் பாகம் மோசம் என்கிறார்கள். ஆனால் தள்ளுபடியில் அதுதான் மலிவாகத் தெரிகிறது. அப்படி என்ன மோசம்? ஸ்காலர் பதிப்புக்கும் சாதாரணப் பதிப்புக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: மோசம் என்று நான் சொல்லமாட்டேன். மற்ற இரண்டையும் இயக்கியவர் ஹிடெடகா மியாசகி. இது மட்டும் அதே ஃப்ரம் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேறு இயக்குநர்கள் கையில் வளர்ந்த பிள்ளை. அதனால் சாயல் கொஞ்சம் மாறியிருக்கும்.

இங்கே கஷ்டம் கூட்டத்தில் இருக்கிறது. ஒருவனை அடிக்கப் போனால் நான்கு பேர் வருவார்கள். ஒவ்வொரு சாவுக்கும் உங்கள் உயிர்க்கோட்டின் நீளமே குறைந்துகொண்டு வந்து, கடைசியில் பாதியில் நிற்கும். தோற்றவனை இன்னும் பலவீனமாக்கித் திருப்பி அனுப்புவது எனக்கு ஒப்பவே இல்லை. அதற்கு நேர்மாறாக ஒரு கருணையும் உண்டு. ஒரே எதிரியைப் பத்துப் பதினைந்து முறை கொன்றுவிட்டால் அவன் திரும்ப வரவேமாட்டான். பொறுமைசாலிகள் ஒரு பகுதியையே காலி செய்துவிட்டு நடந்து போகலாம்.

வாங்கினால் இதை மட்டும் மனதில் வையுங்கள். உங்கள் வீரனின் திறன்களைக் கூட்டும் எண்களில் அடாப்டபிலிட்டி என்று ஒன்று உண்டு. அதைக் கூட்டாவிட்டால், சரியான நேரத்தில் உருண்டாலும் அடி விழும். நம் விரலைத்தான் தப்பு சொல்வோம், தப்பு அந்த எண்ணில் இருக்கும். இதைக் கேம் தெளிவாகச் சொல்வதில்லை. இரண்டாம் பாகத்தைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் இது தெரியாமல் திட்டுபவர்கள் என்பது என் சந்தேகம்.

பதிப்பு விஷயம். 2014-இல் வந்தது சாதாரணப் பதிப்பு. 2015-இல் வந்த ஸ்காலர் ஆஃப் த ஃபர்ஸ்ட் சின்னில் மூன்று துணைக்கதைகளும் சேர்ந்திருக்கும், எதிரிகள் நிற்கும் இடங்களையும் மாற்றியிருக்கிறார்கள். ஸ்டீமில் இரண்டும் தனித்தனிச் சரக்கு. சாதாரணத்தை வாங்கிவிட்டு இலவசமாக ஸ்காலருக்கு மாறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வாங்குவதானால் நேரே ஸ்காலர். பழைய பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) டிஸ்கில் ஸ்காலர் என்று போட்டிருந்தாலும் அதில் எதிரிகளின் இடம் மாறாது. துணைக்கதைகள் சேர்ந்த பழைய கேம்தான் அது.

கேள்வி: என்னிடம் டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 இருக்கிறது. வேலை விட்டு வந்து இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். சுற்றித் திரியப் பொறுமை இல்லை, நல்ல சண்டை வேண்டும். மூன்றாவது பாகத்தின் பழைய பிஎஸ்4 டிஸ்க் வாங்கலாமா?

பதில்: உங்களுக்கு மூன்றாவதுதான். முதல் கேள்விக்காரருக்குச் சொன்னதற்கு மாறாகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள், உங்கள் நேரம் வேறு. 2016-இல் வந்த இந்தப் பாகத்தில் வழி ஏறக்குறைய நேர்கோடு, பான்ஃபயர்களும் அடுத்தடுத்து வரும். கஷ்டமெல்லாம் பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு போடும் சண்டையில். ஆரம்பித்துப் பத்து நிமிடத்துக்குள் குண்டிர் என்றொருவன் மார்பில் செருகிய வாளோடு மண்டியிட்டு உட்கார்ந்திருப்பான். அந்த வாளை உருவுவது நீங்கள்தான். பாதி உயிர் போனதும் அவன் உடம்பு பொங்கி வேறு உருவம் எடுக்கும். அவனிடம் பத்து முறை செத்து, பதினோராவது முறை "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று உட்கார்ந்தீர்களானால் இந்தத் தொடர் உங்களுக்கானது. பழைய கதை தெரியாதே என்று கவலைப்படவேண்டாம். கதை பெரும்பாலும் பொருள்களின் குறிப்புகளில்தான் சிதறிக் கிடக்கும். முதல் பாகம் ஆடியவர்களுக்கே அரைகுறையாகத்தான் புரியும்.

டிஸ்க் விஷயத்தில் கவனம் தேவை. இரண்டு துணைக்கதைகளும் சேர்ந்தது த ஃபயர் ஃபேட்ஸ் எடிஷன். நான் ஒரு பழைய டிஸ்க் கடையில் அந்த உறையைப் பார்த்து மகிழ்ந்து வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தால் உள்ளே சாதாரணப் பதிப்பின் டிஸ்க். திரும்பப் போனால், "உறையை நாங்கள் அச்சடிக்கவில்லையே சார்" என்றார் கடைக்காரர். ஆகவே கடையிலேயே திறந்து, டிஸ்கின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெட்டிக்குள் துணைக்கதையைத் திறக்கும் ரகசிய எண் எழுதிய தாள் இருந்தால் அதை முந்தைய ஆள் பயன்படுத்தியிருப்பார், அதற்கென்று கூடுதல் விலை தராதீர்கள்.

இன்னொன்று, டிஸ்க் எந்த நாட்டுப் பகுதிக்கானதோ அந்தப் பகுதிக் கணக்கில் வாங்கிய துணைக்கதைதான் அதோடு சேரும். அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த டிஸ்கை வாங்கிவிட்டு இந்தியக் கணக்கில் துணைக்கதை வாங்கினால் இரண்டும் ஒட்டாது. ஆன்லைனில் துணைக்கு ஆள் கூப்பிட பிஎஸ் பிளஸ் சந்தாவும் வேண்டும். கணினியில் அது இலவசம்.

கேள்வி: 13 வயது மகன் பிறந்தநாளுக்கு டார்க் சோல்ஸ் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: ஐரோப்பியத் தரக்குறியீட்டில் மூன்றுமே 16 வயதுக்கு மேல். ரத்தம் உண்டு, அழுகிய உடல்கள், அருவருப்பான உருவங்கள் உண்டு. உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும், ஆனாலும் என் ஓட்டு "இப்போது வேண்டாம்". கேரம்போர்டில் தோற்றால் காயைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பிள்ளை என்றால் 16-இலும் யோசியுங்கள். கன்ட்ரோலர் பறக்கும்.

கேள்வி: ஸ்டீமில் வாங்கிப் பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? கீபோர்டிலேயே ஆடலாமா?

பதில்: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் திருப்பித் தருவார்கள். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் மெஷினைச் சோதிக்கப் போதும். கேம் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிய அது போதாது, எனக்கு அந்த நேரம் சுடுகாட்டிலேயே போய்விட்டது. கோடைத் தள்ளுபடியிலும் டிசம்பர் தள்ளுபடியிலும் விலை நன்றாக இறங்குவது வழக்கம், முழு விலை கொடுக்க அவசரப்படாதீர்கள். மிச்சமாகும் காசில் ஒரு கன்ட்ரோலர் வாங்குங்கள். கீபோர்டில் ஆடி முடித்தவர்கள் உண்டு, வெறும் கையில் தேங்காய் உடைப்பவர்களும் உண்டு.

கேள்வி: இதெல்லாம் பழசு, நேரே எல்டன் ரிங் வாங்கு என்கிறான் தம்பி. லேப்டாப்பில் 8 ஜிபி ராம்.

பதில்: 2022-இல் வந்த எல்டன் ரிங் பிரமாதமான கேம். ஒரு பாஸ் முடியவில்லை என்றால் குதிரையேறி வேறு பக்கம் போய்ப் பலம் சேர்த்துக்கொண்டு வரலாம் என்பதால் புதியவர்களுக்கு இவற்றைவிட இளகிய மனம் அதற்கு. ஆனால் குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி ராம், 60 ஜிபி இடம். உங்கள் லேப்டாப்பில் ராம் கூட்ட இடம் இருக்கிறதா என்று சர்வீஸ் கடையில் கேட்டுப் பாருங்கள். இருந்தால் முதலில் ராம், அப்புறம் கேம். இல்லையென்றால் முதல் பதிலைப் படியுங்கள்.