சட்ட ஆலோசனை: படிவத்தில் யாருடைய பெயரை எழுதுவது?

கேள்வி: சட்டத்தரணி அவர்களுக்கு, நான் லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டுகிறேன். என் பெயரில் உள்ள வீட்டுக் காரை 19 வயது மகன் எம்25 நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்றபோது, பக்கத்தில் வந்த ஒரு லொறியிலிருந்து பொலிஸார் அவனைப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்த லொறியில் பொலிஸ் என்ற எழுத்தும் இல்லை, விளக்கும் எரியவில்லை. அவனை நிறுத்தவும் இல்லை. கைத்தொலைபேசி பாவித்ததாகவும், முன்னால் சென்ற வாகனத்தை ஒட்டி ஓட்டியதாகவும் தபாலில் கடிதம் வந்திருக்கிறது. அதுவும் நாங்கள் முன்பு இருந்த வெம்பிளி வீட்டுக்குப் போய், அங்கு குடியிருப்பவர் சம்பவம் நடந்து 17ஆம் நாள்தான் கொண்டுவந்து தந்தார். நெரிசலில் கார் நின்றபோது பாட்டை மாற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை என்கிறான் மகன். கள்ளனைப் பிடிக்க ஆளில்லை, பிள்ளைகளை ஒளிந்திருந்து பிடிக்கிறார்கள். இது சட்டத்துக்கு உட்பட்டதா? 14 நாளுக்குள் வராத கடிதம் செல்லாது என்கிறார்கள் நண்பர்கள். மகன் அனுமதிப்பத்திரம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் அனுமதிப்பத்திரத்தில் ஏற்கெனவே 6 தண்டப் புள்ளிகள் உள்ளன. மனைவியின் அனுமதிப்பத்திரத்தில் ஒன்றும் இல்லை. அவர் பெயரைப் போட்டுவிட்டால் ஒரு சின்னத் தண்டத்தோடு முடிந்துவிடும் என்கிறார் மைத்துனர். அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறார் என்பதால்தான் யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அந்த லொறியைப் பற்றியது. அதை முதலில் ஒதுக்கிவிடுவோம். பொலிஸ் வாகனத்துக்கு இன்ன நிறம் இருக்க வேண்டும், இன்ன எழுத்து இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஓடும் வாகனத்தை நிறுத்தச் சொல்லும்போதுதான் பொலிஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும். உங்கள் மகனை யாரும் நிறுத்தவில்லை, ஆகவே அந்தக் கேள்வியே எழவில்லை. இந்த லொறிகள் ஆபரேஷன் டிராம்லைன் என்ற திட்டத்தின் கீழ், நெடுஞ்சாலைத் துறை பொலிஸாருக்குக் கொடுப்பவை. லொறி இருக்கையின் உயரத்திலிருந்து பார்த்தால் காரின் ஸ்டியரிங் மட்டுமல்ல, ஓட்டுபவரின் மடியும், மடியில் ஒளிரும் திரையும் தெரியும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கமராவைப் பிடித்துக்கொண்டிருப்பார். எதற்காக லொறி என்றால் அதற்காகத்தான்.

பாட்டு மாற்றிய கதையும் உதவாது. 2022 மார்ச் 25 முதல், கையில் பிடித்தபடி தொலைபேசியை ஏறக்குறைய எதற்காகத் தொட்டாலும் குற்றம்தான். நெரிசலில் நின்றாலும் அது ஓட்டுவதாகவே கணக்கு. போதாக்குறைக்கு, நின்ற கார் முன்வாகனத்தை ஒட்டி ஓடாது. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் மகன் முதல் நிமிடத்திலேயே நம்பகத்தன்மையை இழப்பான். இந்த விளக்கத்தை எங்கும் எழுதி அனுப்பவேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி, உண்மையில் முக்கியமான ஒன்றே ஒன்று. அந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் வந்திருக்கும்: அந்த நேரத்தில் காரை ஓட்டியது யார்? வீதிப் போக்குவரத்துச் சட்டம் 1988இன் 172ஆம் பிரிவின்படி, பதிவு உரிமையாளரான நீங்கள் 28 நாட்களுக்குள் அதற்குப் பதில் எழுதி, கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டிருக்கிறது, மகனிடம் அல்ல. பதில் அனுப்பாவிட்டால் அது தனிக் குற்றம்: 6 புள்ளிகள், 1,000 பவுண்ட் வரை தண்டம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 6 புள்ளிகள் மூன்று வருட எல்லைக்குள் வருபவையானால், இரண்டும் சேர்ந்து 12. பன்னிரண்டானால் குறைந்தது ஆறு மாதத் தடை. அசாதாரணமான கஷ்டம் என்று நீதவானிடம் மன்றாடிப் பார்க்கலாம். வேலை போய்விடும் என்பதை மட்டும் சொன்னால் பெரும்பாலும் எடுபடாது. அதாவது மகன் தொலைபேசியைத் தொட்டதற்காக மினிகாப்பை இழப்பது நீங்கள். இதைத்தான் உங்கள் நண்பர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

14 நாள் கதைக்கு வருவோம். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் அது எந்தக் குற்றங்களுக்குப் பொருந்தும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கவனயீனமாக ஓட்டுவது அதில் உண்டு. கைத்தொலைபேசி பாவிப்பது இல்லை. ஆகவே முன்வாகனத்தை ஒட்டி ஓட்டிய விஷயத்தில் நீங்கள் வென்றாலும், தொலைபேசி விஷயம் அப்படியே நிற்கும், மகனின் அனுமதிப்பத்திரம் அதிலேயே போகும். அதிலும் வெல்வீர்களா? பொலிஸார் லொக்புக்கில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், உள்ள முகவரிக்கு அனுப்பினால் போதும். கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அது வெம்பிளி வீட்டுக் கதவடியில் உரிய காலத்தில் விழுந்திருக்கும். வீடு மாறியதை நீங்கள் அனுமதிப்பத்திரங்களையும் வாகனப் பதிவையும் கவனிக்கும் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்கவில்லை; அதற்கே 1,000 பவுண்ட் வரை தண்டம் உண்டு. அந்தத் தவறை நீதிமன்றத்தில் உங்கள் ஆயுதமாகக் கொண்டுபோகாதீர்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று இங்கே இருக்கிறது. கடிதம் தாமதமானது என்று நம்பி, படிவத்தையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறவர்கள் ஏராளம். கடிதம் பிந்தினாலும் 172இன் கீழ் பதில் சொல்லும் கடமை போகாது. அந்த 28 நாளையும் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டாம். வெம்பிளிக்கு வந்த நாளிலிருந்தே எண்ணுங்கள்; உங்களிடம் நினைப்பதைவிடக் குறைவான நாட்களே உள்ளன.

அடுத்தது மைத்துனரின் யோசனை. இதற்குத்தான் இந்தப் பதிலை எழுதவே உட்கார்ந்தேன்.

ஓட்டாத ஒருவரின் பெயரைப் படிவத்தில் எழுதுவது போக்குவரத்துக் குற்றம் அல்ல. நீதியின் போக்கைக் குலைத்தல் என்ற குற்றம். அதற்குச் சட்டத்தில் உள்ள உச்சத் தண்டனை ஆயுள். அவ்வளவு கொடுக்கமாட்டார்கள், ஆனால் சிறை என்பது வழக்கமான முடிவு. முதல் குற்றம், நல்ல குடும்பம், சிறு பிள்ளைகள் என்பதெல்லாம் மாதங்களைக் குறைக்கும், கதவைத் திறக்கும் என்று சொல்ல முடியாது. பிரித்தானிய அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூனை நினைவிருக்கிறதா? 2003இல் வேகமாக ஓட்டியதற்கு விழ வேண்டிய புள்ளிகளை மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 2013 மார்ச்சில், இருவருக்கும் எட்டு எட்டு மாதச் சிறை. கணவர் வற்புறுத்தினார் என்று மனைவி சொன்ன வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. அந்த வாதமே 2014இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் மனைவிக்கு அந்த வழிகூட இல்லை. அவர்கள் இருவரும் விழுந்தது வெறும் புள்ளிகளுக்காக என்பதைக் கவனியுங்கள்.

யார் கண்டுபிடிப்பார்கள் என்று மைத்துனர் கேட்பார். உங்கள் விஷயத்தில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. வேகக் கமரா என்றால் காரின் பின்புறம் மட்டும் தெரிந்திருக்கலாம். இது லொறியிலிருந்து ஓட்டுபவரை நோக்கிப் பிடித்த காணொளி. தாடி வைத்த பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்துக்கொண்டே அந்த அதிகாரி உங்கள் மனைவியின் பெயரைப் படிப்பார். அதன்பின் நடப்பதை நான் பல தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் மனைவியைத் தனியாக விசாரணைக்கு அழைப்பார்கள். எந்த வழியால் ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள், அன்று என்ன வேலை என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அவர் தடுமாறும்போது வேலைத்தல வருகைப் பதிவையும் தொலைபேசி இருந்த இடத்தையும் மேசையில் வைப்பார்கள். பிறகு உங்களை அழைப்பார்கள், பிறகு மகனை. முடிவில் ஒரே வீட்டில் மூவருக்கு வழக்கு. யோசனை சொன்னவர் அதைத் தொலைபேசியில் எழுதி அனுப்பியிருந்தால் நான்காவதாக அவரும் வரலாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பது இதுதான்.

குடியுரிமை பற்றித் தயங்கினீர்கள், சரியான தயக்கம், ஆனால் போதாத தயக்கம். நேர்மையின்மை சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவரின் நன்னடத்தையை உள்நாட்டு அமைச்சு எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட, பிரித்தானியக் குடியுரிமை இல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடுகடத்தும் நடவடிக்கை தானாகத் தொடங்கும். வதிவிட உரிமை இருக்கிறது என்பது அதைத் தடுக்காது. இவ்வளவையும் ஒரு தொலைபேசித் தண்டத்துக்கு எதிரே வைக்க உங்களுக்கு மனம் வருகிறதா?

நம் ஆட்களிடம் ஓடும் மற்ற உபாயங்களையும் முன்கூட்டியே அடைத்துவிடுகிறேன். ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பா ஓட்டினார், இப்போது யாழ்ப்பாணம் போய்விட்டார் என்று எழுதுவார்கள். அவர் எப்போது வந்தார், எப்போது திரும்பினார், இந்தக் காரை ஓட்ட அவருக்குக் காப்புறுதி எங்கே என்று கேட்பார்கள்; பொய் எழுதியதற்கு மேலே சொன்ன அதே குற்றம்தான். யார் ஓட்டியது என்று தெரியவில்லை என்பார்கள். உரிய முயற்சி எடுத்தும் கண்டறிய முடியவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. மகனே ஒப்புக்கொண்டதை எனக்கு எழுதியிருக்கும்போது அதைச் சொல்ல உங்களுக்கு வாயில்லை. பெயரை எழுதிவிட்டுக் கையொப்பமிடாமல் அனுப்புவார்கள். கையொப்பமில்லாத படிவம் பதிலே அல்ல. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கச் சொல்வது மனித உரிமை மீறல் என்பார்கள். தானே ஓட்டியதை ஒப்புக்கொள்ளக் கட்டாயப்படுத்துவதுகூட நியாயமான விசாரணைக்கு விரோதமில்லை என்று ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. அப்படியிருக்க மகனைச் சொல்வது எம்மாத்திரம்?

ஆகவே மகனின் பெயரை எழுதுங்கள். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் வரும். தொலைபேசிக்கு 200 பவுண்டும் 6 புள்ளிகளும் என்று நிலையான தண்டத்தை முன்வைத்தால், ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நீதிமன்றம் போனால் தண்டம் 1,000 வரை ஏறலாம், செலவும் சேரும், அந்த 6 புள்ளிகள் குறையா. அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளிகள் வந்தால் அது இரத்தாகி, மறுபடி பரீட்சை எழுத நேரும். கணக்கு, குற்றம் நடந்த நாளைக் கொண்டுதான். வழக்கை இழுத்தடித்து இரண்டு வருடத்தைத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். புள்ளிகளுக்குப் பதில் சில நாள் தடை போடுங்கள் என்று கேட்டால் மறுபரீட்சையிலிருந்து தப்பலாம் என்றும் சிலர் சொல்வார்கள். நாடாளுமன்றத்தின் நோக்கத்தைச் சுற்றிப் போக அப்படிச் செய்வது பொதுவாகப் பொருத்தமல்ல என்று நீதவான்களுக்கான வழிகாட்டலிலேயே எழுதியிருக்கிறது. அதற்காகச் சட்டத்தரணிக்குக் காசு கொடுக்காதீர்கள், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரத்து என்பது தடை அல்ல. உடனே பயிலுநர் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் மறுபடி எழுதி மீளலாம். லண்டனில் ஓட்டப் பரீட்சைக்கு நாள் கிடைப்பதுதான் பெரும்பாடு. பழைய 6 புள்ளிகள் புதிய அனுமதிப்பத்திரத்திலும் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

இங்கேதான் பிள்ளைகள் இரண்டாம் முறை விழுகிறார்கள். டி.வி.எல்.ஏ.யின் இரத்துக் கடிதம் தபாலில் வரும். மகனின் அனுமதிப்பத்திரத்திலும் வெம்பிளி முகவரிதான் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். கடிதத்தைக் காணாமல் அவர் வழமைபோல் ஓட்டிக்கொண்டிருப்பார். அப்போது பிடிபட்டால் அனுமதிப்பத்திரம் இல்லை, காப்புறுதி இல்லை, காரையும் கட்டி இழுத்துப் போவார்கள். இருவரது அனுமதிப்பத்திரத்திலும் லொக்புக்கிலும் முகவரியை இன்றே மாற்றுங்கள். தண்டத்தைக் கட்டிய நாளிலிருந்து மகன் சாவியைத் தொடவே வேண்டாம்.

ஒரு விஷயத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காரின் காப்புறுதியில் மகனின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அவருக்கு இன்னொரு 6 முதல் 8 புள்ளிகள் வரை. ஓட்ட அனுமதித்த குற்றத்துக்கு உங்களுக்கும் அதேயளவு. மனைவியின் பெயரைப் போடும் யோசனை வந்ததற்கு இதுதான் காரணமோ என்றுகூட எனக்குச் சந்தேகம். பெயர் இருந்தாலும், முதன்மை ஓட்டுநர் நீங்கள் என்று சொல்லிவிட்டு நடைமுறையில் மகனே ஓட்டிவந்தால், நிறுவனம் காப்புறுதியையே செல்லாததாக்கலாம். எப்படியிருந்தாலும் படிவத்தில் எழுத வேண்டிய பெயர் மாறாது. ஆனால் உங்களுக்கும் மகனுக்கும் ஒரே சட்டத்தரணி போதுமா, இருவர் வேண்டுமா என்பது மாறும்.

படிவத்தைத் தபாலில் போடும் முன், காப்புறுதிப் பத்திரத்தையும் லொக்புக்கையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். மகனையும் அழைத்துப் போங்கள். மைத்துனர் வர வேண்டியதில்லை.