அந்த ராத்திரி கூட யார் இருந்தார்கள் என்பதும் கேள்விதான்

கேள்வி: அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. தம்பிக்கு 17 வயது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு, சீசனில் மாங்கூழ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். போன மாதம் ஒரு ராத்திரி ஓசூர் ரோட்டில் லாரி டிரைவர் ஒருவரை மிரட்டி செல்போனையும் பணத்தையும் பிடுங்கிய வழக்கில் இவனும் இன்னும் மூன்று பேரும் பிடிபட்டார்கள். கத்தி காட்டியது 22 வயதுப் பையன். தம்பி வண்டியை ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். இப்போது கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று மதிப்பீடு நடக்கப் போகிறதாம். 25 வயது வரை மூளை முழுதாக வளராது என்று படித்தேன். அதை அச்செடுத்துக் கொடுத்தால் ஏற்பார்களா? ஊரில் எல்லோரும் "செஞ்சவன் அனுபவிக்கட்டும்" என்கிறார்கள்.
– ஒரு அக்கா, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி தம்பியை அடையாளம் காட்டும் எதையும் யாரும் வெளியிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் அவன் படத்தை யாராவது சுற்றவிட்டால் வக்கீலிடம் சொல்லுங்கள்.

ஆய்வைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் 25 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த வயதில் சட்டென்று முடிந்துவிடுகிற வளர்ச்சி இல்லை அது. "மூளை வளரவில்லை, அதனால் தப்பில்லை" என்கிற மாதிரிப் பேசினால் அந்த டிரைவர் பட்ட பயத்துக்கு மரியாதை இல்லாமல் போய்விடும். தம்பி வழக்கைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது பிடிக்காது.

உங்களுக்கு உதவக்கூடியது வேறொரு ஆய்வு. 2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு கார் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிகிறது; சிவப்பு எந்த நொடி விழும் என்று தெரியாது. கூடுதல் தூரம் ஓட்டினால் புள்ளி, நிறுத்தத் தவறினால் மோதி எல்லாம் போச்சு. தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதுக்காரர்கள் பெரியவர்களைவிட அப்படியொன்றும் மோசமில்லை. பக்கத்தில் சிநேகிதர்கள் வந்து நின்றதும் அவர்கள் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 18 முதல் 22 வயதுக்காரர்களுக்கும் கூடியது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மாற்றமே இல்லை.

உங்கள் தம்பி விஷயத்தின் மையமே இதுதான். மதிப்பீட்டில், "திருடுவது தப்பு என்று தெரியுமா?" என்று கேட்பார்கள். "தெரியும்" என்பான். உண்மையும் அதுதான். அமைதியான அறையில் நாற்காலி போட்டுக் கேட்டால் பதினேழு வயதுப் பையன் பெரியவர்களைப் போலவே பதில் சொல்வான். நெடுஞ்சாலை ஓரத்தில், 'அண்ணன், அண்ணன்' என்று அவன் யார் பின்னால் சுற்றினானோ அந்த ஆள் "வண்டியை எடுடா" என்னும்போது அந்த அறிவு எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வேறு கேள்வி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-வது பிரிவு, குற்றத்தைச் செய்வதற்கான மனத்திறனை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறனையும், குற்றம் நடந்த சூழ்நிலையையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. மனத்திறனும் விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றல்ல என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். வக்கீலை அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. இந்த மதிப்பீடு, குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருடம் உள்ள கொடிய குற்றத்துக்கு மட்டும்தான். சாதாரண வழிப்பறிக்கு அப்படிக் குறைந்தபட்சம் கிடையாது. வழிப்பறியில் கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால், ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 311-வது பிரிவின்படி தண்டனை ஏழு வருடத்துக்குக் குறையக் கூடாது. பழைய ஐபிசி 397-ஆக இருந்த காலத்திலேயே, அது ஆயுதத்தைப் பயன்படுத்திய ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கத்தி தம்பி கையில் இல்லை என்றால், 'அவன்மேல் 311 எப்படி நிற்கும்?' என்பதுதான் வக்கீல் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நின்றுவிட்டால்தான் மூளை ஆய்வே தேவைப்படும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைப்பார். ஜாமீனையும் விடாதீர்கள், இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி சிறுவருக்கு ஜாமீன்தான் வழக்கம், மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

ஊர்க்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ராத்திரியில் தனியாக லாரி ஓட்டுகிறவர்கள் நம் மாவட்டத்திலும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆனாலும் பையனைப் பெரியவர்களோடு சேர்த்துத் தண்டித்தால் ரோடு பத்திரமாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா, ஃபீனிக்ஸ் நகரங்களில் கடுமையான குற்றம் செய்த 1,354 இளைஞர்களை ஏழு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலோர் வயது ஏற ஏறக் குற்றத்தை விட்டு விலகினார்கள். இல்லங்களில் அதிக நாள் அடைத்து வைத்ததால் மறுபடி குற்றம் செய்வது குறையவில்லை. நம் குழுமமே விசாரித்தால் அதிகபட்சம் மூன்று வருடம் சிறப்பு இல்லம். அதோடு இந்தக் குற்றம் அவன் வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக்குறைவாகக் கணக்கில் வராது. பெரியவராக விசாரித்துக் குற்றவாளி என்று தீர்ப்பானால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஆய்வு ஆயிரம் பேரைப் பற்றிப் பேசும். உங்கள் தம்பியைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் நீங்கள். நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கைக்காக வரும்போது எதையும் பூசி மெழுகாதீர்கள். ஏன் படிப்பை விட்டான், அந்த 22 வயதுக்காரனோடு எப்போது பழக்கம், கம்பெனியில் சீசன் முடிந்த பிறகு என்ன செய்தான், அப்பா மாதத்துக்கு எத்தனை நாள் வீட்டில் இருந்தார், எல்லாம் சொல்லுங்கள். இன்ன பதிலைச் சொல்லு என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். கேள்வி கேட்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். டிரைவரைத் தேடி நீங்களாகப் போகாதீர்கள், மிரட்டினார்கள் என்று ஆகிவிடும். பணத்தைத் திருப்பித் தர விரும்பினால் வக்கீல் வழியாகக் குழுமத்திடமே சொல்லுங்கள்.

அப்புறம், பத்தாம் வகுப்புச் சான்றிதழை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். வயதில் சந்தேகம் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.