வான் கேள்வி-பதில்: எம்83 எவ்வளவு தூரம்?

கேள்வி: எம்83 என்ற சுருள் கேலக்ஸி நொடிக்கு 513 கி.மீ. வேகத்தில் விலகுகிறதாம். ஹப்பிள் மாறிலி (தூரம் கூடக் கூட விலகும் வேகம் எவ்வளவு கூடும் என்ற அளவு) 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு நொடிக்கு 70 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 2.4 கோடி ஒளியாண்டு வருகிறது. புத்தகத்தில் 1.5 கோடி என்றிருக்கிறதே? (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

பதில்: வகுத்தது சரி, வகுத்த வேகத்தில்தான் சிக்கல். 513 என்பது சூரியனிலிருந்து பார்த்த கணக்கு. சூரியனும் சும்மா நிற்கவில்லை. பால்வழியின் மையத்தை நொடிக்குச் சுமார் 230 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. அதில் ஏறத்தாழ 140 கி.மீ., எம்83-ஐ விட்டு நாம் விலகும் பங்கு. அதைக் கழித்து வகுத்துப் பாருங்கள், 1.7 கோடி வரும். மிச்ச வித்தியாசத்துக்குக் காரணம், பக்கத்துக் கேலக்ஸிகள் ஒன்றையொன்று இழுப்பதால் வரும் சொந்த ஓட்டம். இவ்வளவு கிட்டத்தில் 100 கி.மீ. பிசகினாலே தூரம் கால்வாசி மாறிவிடும். 30 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் அதே பிசகு 2 சதவீதத்தைத் தொடாது. ஆகவே எம்83-க்கு ஹப்பிள் விதி தோதான அளவுகோல் அல்ல. 1.5 கோடி என்பது செஃபீட் விண்மீன்களை வைத்து அளந்தது. அவை மங்கித் துலங்கும் கால இடைவெளி தெரிந்தால் உண்மைப் பொலிவு தெரிந்துவிடும் என்று 1912-இல் அமெரிக்க வானியலாளர் ஹென்ரியட்டா லெவிட் காட்டினார். அதைக் கண்ணுக்குத் தெரியும் பொலிவோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும்.

கேள்வி: என் 6 அங்குலத் தொலைநோக்கியில் எம்83 வெறும் மங்கல் திட்டு. சுருள் கைகள் எங்கே? (வாசகர், மேலூர்)

பதில்: 6 அங்குலத்தில் பளிச்சென்ற நடுப்பகுதியும் சுற்றிலும் மெல்லிய மூட்டமும் தெரிந்தாலே நல்ல பார்வைதான். பொலிவெண் (எண் குறையக் குறையப் பொலிவு அதிகம்) 7.5 என்று பட்டியலில் பார்த்து ஏமாற வேண்டாம். அவ்வளவு வெளிச்சமும் முழுநிலாவின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பரப்பில் பரவிக் கிடக்கிறது. உருப்பெருக்கம் கூட்டினால் இன்னும் வெளிறும். 40 முதல் 60 மடங்கு போதும்.

உங்கள் ஊருக்குத் தென்மேற்கே மதுரையின் விளக்கொளி. எம்83 உச்சி தாண்டியதும் அந்தப் பக்கமே சாயும். மே நடுவில் அது இரவு 10.20 வாக்கில் நேர் தெற்கே 50 பாகை உயரத்தில் நிற்கும். நீங்கள் 9 மணிக்கே தென்கிழக்கில் பிடித்துவிடுங்கள். சித்திரை நட்சத்திரத்துக்குத் தெற்கே, கையை நீட்டி ஒரு சாண் அளந்து, சற்றுக் கிழக்கே தள்ளித் தேடலாம். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் வேண்டும், செல்போனை ஒருமுறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரா பௌர்ணமியில் நிலா அந்த நட்சத்திரத்தை ஒட்டியே நிற்கும். அன்றைக்கு வைகைக்கே போய்விடலாம். ஏழெட்டு நாள் கழித்து, நிலா நள்ளிரவுக்குப் பின் எழும் நாள்களில் பாருங்கள். கைகளின் சாயல் வேண்டுமென்றால் 8 அல்லது 10 அங்குலத்தோடு பேரையூர்ப் பக்கம் போக வேண்டும். படங்களில் வரும் சிவப்பும் நீலமும் எந்தக் கருவியிலும் கண்ணுக்கு வராது, அது நீண்ட நேரம் ஒளி சேர்த்த கேமராவின் வேலை.

கேள்வி: எம்83-இல் சூப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) அடிக்கடி வருமாமே? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: 1923 முதல் 1983 வரை ஆறு பதிவாகியுள்ளன. 1968-இல் வந்ததைத் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஜாக் பென்னட் 5 அங்குலத் தொலைநோக்கியில் கண்ணாலேயே கண்டுபிடித்தார்.