கால் வீக்கம், வறட்டு இருமல்: பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் வயது 56. ஆறு மாதத்துக்கு முன் பிரஷர் என்று சொல்லி அம்லோடிபின் கொடுத்தார்கள். இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. பிறகு எனலாப்ரில் மாற்றிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, ஆனால் இரவெல்லாம் வறட்டு இருமல். வெறுத்துப்போய் மூன்று வாரமாக எதையும் போடவில்லை. இருமல் நின்றுவிட்டது, உடம்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் நேற்று பிரஷர் 166/100. என் உடம்புக்கு இந்த மாத்திரைகளே ஒத்துக்கொள்ளாதா?

மருத்துவர் பதில்: இரண்டு மாத்திரையும் உங்களுக்குத் தொல்லை கொடுத்திருக்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. மாற்றுவதற்கு அது போதுமான காரணம். ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூன்று வாரம் இருந்தது ஆபத்து. 166/100 இருக்கும்போதும் உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறதே, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் ரத்தக்குழாய்கள் வலியில்லாமலே கெட்டுப்போகும். இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

முதலில் கால் வீக்கம். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியம் தசைக்குள் நுழைவதை அம்லோடிபின் குறைக்கிறது. தசை தளர்ந்து குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் விரிவது பெரும்பாலும் ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள்தான். திருப்பி எடுத்துப்போகும் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. வரத்து அதிகம், போக்கு அதே அளவு என்றால் நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசியும். கசிந்த நீர் கணுக்காலில் வந்து தங்கும். சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பலர் பயந்துபோய் வருகிறார்கள். இந்த மாத்திரையால் வரும் வீக்கத்துக்கு அது காரணமில்லை. 10 மில்லிகிராமில் அதிகமாகவும் குறைந்த அளவில் குறைவாகவும் வரும். உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால், நீர் மாத்திரை போட்டாலும் பெரிதாக வடியாது.

எனலாப்ரில் வேறு வழியில் வேலை செய்கிறது. ரத்தக்குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை உருவாக்கும் நொதியை அது தடுக்கிறது. அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. அது நடக்காமல் போனால் பிராடிகைனின் சேர்ந்து மூச்சுக்குழாயைத் தூண்டும், இருமல் வரும். ஒரு பிரேசில் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்துதான் இந்த வகையின் முதல் மாத்திரையான கேப்டோப்ரில் உருவானது. எத்தனையோ பேரின் இதயத்தைக் காத்த மருந்துகள் இவை. ஆனாலும் இருமல் வந்தவர்களுக்கு ராமிப்ரில் போன்ற அதே வகை மாத்திரையைக் கொடுத்தால் பெரும்பாலும் மறுபடியும் வரும்.

சரி, உங்களுக்கு என்ன வழி? டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவை அந்த நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் இடத்தை மட்டும் அடைக்கின்றன. அதனால் இருமல் வருவது அபூர்வம். இவை சிரைகளும் விரிய உதவுவதால், கூடவே குறைந்த அளவு அம்லோடிபின் சேர்த்தாலும் வீக்கம் முன்புபோல் இருக்காது. உங்கள் பிரஷருக்கு இப்படி இரண்டு மருந்தைச் சிறு அளவில் சேர்ப்பது, ஒன்றையே ஏற்றிக்கொண்டு போவதைவிட நல்லது என்பது என் கருத்து. உங்கள் டாக்டர் பரிசோதித்து முடிவு செய்யட்டும். ஆரம்பிக்கும் முன்பும், ஆரம்பித்து ஓரிரு வாரத்திலும் ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும். முதல் சில நாள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், மெதுவாக எழுந்திருங்கள்.

பின்னால் வேறு மாத்திரை சேர்க்க நேர்ந்தால்: நீர் மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கலாம், யூரிக் அமிலத்தை ஏற்றலாம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் வகை நாடித்துடிப்பைக் குறைக்கும். இவற்றைத் திடீரென நிறுத்தவே கூடாது. ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த மாத்திரையிலாவது உதடு, நாக்கு, முகம் வீங்கினால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம் வந்தாலும் அப்படியே.

அப்புறம், மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ஏதாவது போடுகிறீர்களா? அவை பிரஷரை ஏற்றும், இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். டாக்டரிடம் போகும்போது இதுவரை போட்ட எல்லா மாத்திரைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எதில் என்ன தொல்லை வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்.